பக்கம் கட்டுகிறவர்

விருதுநகரில் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பாலவனத்தத்தைக் கடந்துதான் போகவேண்டும். பஸ் நிற்கும், நாலு பேர் இறங்குவார்கள், இரண்டு பேர் ஏறுவார்கள், கண்டக்டர் விசில் கொடுப்பார். பனையும் கருவேலும், வானத்தையே நம்பிக் கிடக்கும் காடுகளுமே அன்றிக் கண்ணுக்கு வேறொன்றும் பெரிதாகப் புலப்படாது. ஜன்னல் ஓரத்து ஆசாமி ஒரு பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பார். பக்கத்து ஆசாமி அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அதே பத்திரிகையை இனாமாகப் படிப்பார். (ஒரு பிரதிக்கு எத்தனை வாசகர் என்று கணக்கிடுகிறவர்கள் நம் பஸ்களை மறந்துவிடுகிறார்கள் என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம்.) தாங்கள் கடந்து செல்லும் அந்தச் சிற்றூரின் பெயருக்கும் பத்திரிகை என்னும் பொருளுக்கும் ஓர் உறவு உண்டென்பது இருவருக்கும் தெரிந்திராது.

நமக்கும் அது ஞாபகத்துக்கு வந்திராது. ஒரு கடிதம் வந்தது, அதனால் வந்தது.

அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய குமாரி கலாசாலைப் படிப்பை முடித்தவள். சித்திரம் வரைவதில் பிரியமுள்ளவள். பட்டணத்துக்குப் போய்ப் பத்திரிகைக் காரியாலயத்தில் பக்கங்களை வடிவமைக்கும் வேலையில் சேரப்போவதாகச் சொல்கிறாளாம். "கதை எழுதுகிறவர் என்றால் எங்களுக்குத் தெரியும், படம் போடுகிறவர் என்றாலும் தெரியும். பக்கத்தை அமைக்கிறவர் என்று ஒருவர் உண்டா? உண்டென்றால் அவர் செய்வதுதான் என்ன? தாங்கள் பத்திரிகையோடு பழகினவர்களாதலால் கேட்கிறேன். வீட்டில் எல்லாரும் கவலையாக இருக்கிறார்கள்" என்று கேட்டிருந்தார்.

கேள்வி நியாயமானது. அதற்கு நாம் எழுதிய பதில் கடிதத்துக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டது. நேயர்களில் பலருடைய வீட்டிலும் இதே கவலை இருக்கக்கூடும் ஆகையால் அதை இங்கே விரித்துச் சொல்லுகிறோம்.

முதலில் பாலவனத்தத்தின் கதை. அந்த ஊர் ஜமீன்தாராக விளங்கிய பொ. பாண்டித்துரைத் தேவர் 1867-இல் பிறந்து 1911-இல் காலமானார். ஜமீன்தார் என்றால் வேட்டை, குதிரைச் சவாரி, சதிர்க் கச்சேரி என்று எண்ணிப் பழகிய நமக்கு அவருடைய செலவுக் கணக்கு ஆச்சரியத்தையே தரும். பணம் பெரும்பாலும் புஸ்தகங்களுக்குப் போயிற்று. உ. வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்ததற்கு உதவியவர்களில் அவர் ஒருவர். ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராக அரும்பாடுபட்டுத் தொகுத்த அபிதான சிந்தாமணி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களோடு 1910-இல் வெளிவந்ததும் அவருடைய ஆதரவினால்தான். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதன் தலைமையை ஏற்றவரும் இதே பாலவனத்தத்தார்தான்.

ஒரு சமயம் அவர் மதுரைக்குப் பிரசங்கம் செய்ய வந்தாராம். குறிப்புப் பார்ப்பதற்குத் திருக்குறளும் கம்ப ராமாயணமும் வேண்டியிருந்தன. வீடு வீடாக விசாரித்தும் கிடைக்கவில்லை என்று சொல்லுவார்கள். தமிழ் வளர்த்த நகரத்திலேயே இந்தக் கதியா என்று அவருக்கு மனம் புண்பட்டது. அதன் விளைவாக 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி, சேதுபதி பள்ளிக்கூடத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. சங்கத்தோடு ஒரு கலாசாலை, ஒரு புத்தகசாலை, ஓர் அச்சுக்கூடம். 1902-இல் 'செந்தமிழ்' என்ற மாதப் பத்திரிகை. ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியர். அவருக்குப் பின் மு. இராகவையங்கார்.

தமிழ்ப் பண்டிதர்களின் பத்திரிகைக்குச் சொந்த அச்சுக்கூடம் வேண்டும் என்று தேவருக்குத் தோன்றியதே, அதில்தான் விஷயம் இருக்கிறது. எழுதினால் மட்டும் போதாது, எழுதியது எப்படி அச்சாகிறது என்பதும் தம் கையில் இருக்கவேண்டும் என்று அவர் கருதியிருக்கவேண்டும். குடும்ப வாசனை என்றுகூட இதைச் சொல்லலாம். அவருடைய தந்தையார் பொன்னுசாமித் தேவர், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குப் பொருள் கொடுத்து உதவியவர். தமிழ் உரைநடைக்குள் கால்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளிகளைப் பழக்கத்தில் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் நாவலர். ஏட்டுச் சுவடியைக் கண்ணால் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓலையில் பத்தி கிடையாது; தலைப்புக் கிடையாது; மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைப் படிக்கிறவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டு, நடுவே ஒரு வரி இடம் விட்டானே, அந்த முதல் மனிதன் செய்த உபகாரம் சாமானியமானதன்று.

அந்த மனிதன் யார்? பெயர் தெரியாது. அவன்தான் நண்பர் விசாரித்த ஆசாமி.

ஈயமும் பாலாடைக் கட்டியும்

அந்தக் காலத்தில் வடிவமைப்பாளர் என்ற பெயரில் ஓர் உத்தியோகஸ்தர் இல்லை. ஆனால் வேலை இருந்தது. அச்சுக்கோப்பவர் சாய்வான எழுத்துப் பெட்டியின் முன் நின்றுகொண்டு, இடது கையில் ஸ்டிக் பிடித்து, ஓர் ஈய எழுத்தாக எடுத்துக் கோப்பார். இங்கிலீஷுக்கு இருபத்தாறு எழுத்துக்கள், பெரியதும் சிறியதுமாக. தமிழுக்கோ கி, கீ, கு, கூ என்று ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி அச்சு வேண்டும். பெட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள். கோத்த வரிகள் காலி என்னும் தட்டில் ஏறும். புரூப் எடுத்துத் திருத்தியபின், போர்மன் என்பவர் அவற்றைப் பக்கமாக அளந்து, சுற்றிலும் கயிறு போட்டுக் கட்டுவார். பக்கம் கட்டுவது என்று சொன்னது வெறும் அலங்காரமன்று. வாஸ்தவமாகவே கயிற்றால் கட்டினார்கள். எட்டோ பதினாறோ பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கினால் ஒரு பாரம். தலைப்பு எந்த அளவில் இருக்கவேண்டும், கோடு போடுவதா பூ வைப்பதா, எவ்வளவு வெற்றிடம் விடலாம் என்பதெல்லாம் போர்மனுடைய தீர்மானம். கட்டுரை முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டால் மிச்சம் கால் பக்கத்தை என்ன செய்வது? இரண்டு துணுக்குகளைக் கொண்டு அடைப்பார். நம் வீடுகளில் கட்டுரையை விட்டுவிட்டு முதலில் படிக்கிறோமே, அந்தத் துணுக்குகளில் எத்தனையோ பக்கத்தின் ஓட்டையை அடைப்பதற்கென்றே பிறந்தவை.

எழுத்தின் அளவு என்பது காகிதத்தின் விலை. இதற்குத் தரங்கம்பாடியில் ஒரு பழைய கதை உண்டு. சீகன்பால்கு பாதிரியாருக்கு ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்திலிருந்து 1713-இல் தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தன. எழுத்துக்கள் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றில் அச்சிட்டால் கைவசமுள்ள காகிதம் போதாது என்று கண்டார்கள். உடனே சிறிய எழுத்து வார்க்கவேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? கப்பலில் வந்த பாலாடைக் கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி வார்த்தார்கள். 1715-இல் புஸ்தகம் வெளிவந்தது. இவ்வளவு பெரிய நூலை இவ்வளவு காகிதத்துக்குள் எப்படி அடக்குவது, அடக்கினாலும் கண்ணுக்கு எப்படி இதமாக இருக்கச் செய்வது என்று அன்று தரங்கம்பாடியில் பட்ட கவலையே இன்றைக்கும் இந்தத் தொழிலின் கவலை. மூடிதான் மாறியிருக்கிறது.

பாலவனத்தத்துக்குத் தெற்கே, கரிசல் பூமியில் உள்ளது எட்டயபுரம். அவ்வூர்ப் பாரதியார் 1904-இல் சில மாதங்கள் மதுரைச் சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். தமிழ்ச் சங்கம் பிறந்த அதே பள்ளிக்கூடம். இரண்டே வருஷத்தில், 1906-இல், சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் வேறு ஒரு புதுமை செய்தார். முதற் பக்கத்திலேயே கேலிச் சித்திரம். பக்கத்தில் அதற்கு விளக்கம். எழுத்தறியாதவன்கூட அந்தப் படத்தைப் பார்த்தால் வெள்ளைக்கார சர்க்காரைப் பற்றி ஏதோ பரிகாசம் என்று அறிந்துகொள்வான். 'செந்தமி'ழின் பக்கம் கற்றவரை உட்காரவைத்தது என்றால், 'இந்தியா'வின் பக்கம் தெருவில் போகிறவனை நிற்கவைத்தது.

அதற்குப் பின் வந்த சித்திரப் பத்திரிகைகளின் வரலாறு நேயர்கள் அறிந்ததே. 'ஆனந்த விகடன்' 1926-இல் தோன்றி 1928-இல் வாசன் கைக்கு வந்தது. அங்கே ஓவியர் மாலி நாலு கோட்டில் ஒரு சங்கீத வித்துவானை உட்காரவைத்துவிடுவார். தம் கோடுகளைவிடப் பிறர் கோடுகளை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது பலருக்குத் தெரியாது. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் சித்திரப் பள்ளியில் பயின்ற கோபாலன் என்ற இளைஞர் அவரைத் தேடி வந்தார், கோபுலு ஆனார். நாமக்கல்லிலிருந்து வந்த ஸ்ரீநிவாசனுக்குச் சில்பி என்று பெயர் வைத்தவரும் மாலிதான். சில்பி கோயில் கோயிலாகச் சென்று உட்கார்ந்து வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' எத்தனையோ வீடுகளில் பைண்டு செய்து காப்பாற்றப்படுகின்றன. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் குந்தவையையும் விட்டு வேறு முகத்தை நம்மால் கற்பனை செய்ய முடிகிறதா?

இவர்கள் எல்லாரும் ஏன் கோட்டுச் சித்திரமாகவே பெரும்பாலும் வரைந்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? ருசி ஒரு பக்கம். பிளாக் மற்றொரு பக்கம். போட்டோவைப் போல் நிழலும் ஒளியுமாக உள்ள படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து ஹாப்டோன் பிளாக் செய்யவேண்டும். சொரசொரப்பான மட்டக் காகிதத்தில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மசியாகிவிடும். கோடு அப்படியன்று, எவ்வளவு மட்டமான காகிதமானாலும் நறுக்கென்று விழும். இரண்டாவது உலக யுத்தத்தில் காகிதப் பஞ்சம் வந்தபோது கோடுதான் மானத்தைக் காப்பாற்றியது. நாம் கலை என்று கொண்டாடுவதில் பாதி, கஷ்டத்தோடு செய்துகொண்ட சமரசம்.

பள்ளிக்கூடத்தை மூடியது

இங்கே நம்முடைய ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் நாம் வேலை பார்த்தபோது, ஆள் போதாமையால் பக்கங்களையும் நாமே அமைத்தோம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி வதந்தி ஒன்று பரவியிருந்தது. அதை மறுத்து ஒரு கட்டுரை வந்தது. 'பள்ளிக்கூடம் மூடப்படுகிறது என்பது பொய்' என்று தலைப்பு. எதிரெதிரான இரண்டு பக்கங்களுக்கும் நீளமாகத் தலைப்பை ஓடவிட்டால் கம்பீரமாக இருக்குமே என்று நமக்கு ஓர் ஆசை உண்டாயிற்று. 'பள்ளிக்கூடம் மூடப்படுகிறது' என்பது இடப் பக்கத்தில். 'என்பது பொய்' என்பது வலப் பக்கத்தில். மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தபோது மிக அழகாகத்தான் இருந்தது.

ஆனால் யாரும் பத்திரிகையை மேஜையில் விரித்துப் படிப்பதில்லை. மடித்துப் படிக்கிறார்கள். டீக் கடையில் இடப் பக்கம் மட்டும் மேலே தெரியும்படி மடித்து மாட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் வந்து நின்றார். மூன்று பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்துவிட்டார்களாம். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, தாங்கள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் ஊரில்தான் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை" என்றார். நாம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நண்பர் கேட்டாரே, பக்கம் அமைக்கிறவர் என்னதான் செய்கிறார் என்று? நாம் அன்று செய்ததைச் செய்யாமல் இருப்பதுதான் அவருடைய வேலை. எழுத்தாளர் எழுதியதையே அவர் அச்சிடுகிறார். ஆனால் எந்தச் சொல் முதலில் கண்ணில் படும், எந்தச் சொல் இரண்டாவதாகப் படும், எது படாமலே போகும் என்பதை அவர் நிச்சயிக்கிறார்.

தமிழில் இது இங்கிலீஷைக் காட்டிலும் சிரமமான காரியம். நம் சொற்கள் நீளமானவை. 'அருப்புக்கோட்டையிலிருந்து' என்று ஒரு சொல், பதின்மூன்று எழுத்துக்கள். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தால் இந்த ஒரு சொல்லே ஒரு வரியை விழுங்கிவிடும். அடுத்த வரியில் இரண்டு சொற்களை இரு ஓரங்களிலும் நிறுத்தி நடுவே பொட்டல் வெளியை விடவேண்டியிருக்கும். சொல்லை முறிக்கலாம், ஆனால் ஒற்றெழுத்து வரியின் தலையில் வந்து உட்காரக் கூடாது. இங்கிலீஷ்காரர்கள் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டு மிடுக்குக் காட்டுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. எழுத்தின் பருமனையும் சுற்றியுள்ள வெள்ளையையும் கொண்டே தலைப்பைத் தலைப்பாக்கவேண்டும். மேலே புள்ளியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடாவிட்டால், மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் தலையில் காலை வைக்கும். 1978-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, பெரியார் 1935-லிருந்தே தமது 'குடி அர'சில் கையாண்டு வந்த முறைப்படி, ணா, லை, னை போன்ற பதின்மூன்று எழுத்துக்களின் பழைய உருவங்களை மாற்றியது. தும்பிக்கை வைத்த 'லை' போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் இன்றும் உண்டு. அச்சுக்கோப்பவர்களில் வருந்தியவர் ஒருவரையும் நாம் சந்தித்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்தபின் ஈயம் போயிற்று, கயிறு போயிற்று, பாரமும் பெயரளவில் நிற்கிறது. சிரமம் மட்டும் வேஷம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கம்பெனியின் எழுத்துருவில் அடித்த கட்டுரையை வேறு கம்பெனியின் எழுத்துருவில் திறந்தால் தமிழ் மறைந்து ஏதோ மந்திர எழுத்துப் போல் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. 2010-இல் அரசாங்கம் யூனிகோடை ஏற்றதிலிருந்து அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் பக்கம் அமைக்கும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால், 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் திண்டாடும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்த கெட்டிக்காரர் ஒருவர் அதைக் கவனிக்காமல் அழகான பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவார். ஆகவே தமிழைப் பிழையறப் படிக்கத் தெரியாதவர் தமிழ்ப் பக்கத்தை அமைக்கலாகாது என்பதை நாம் பிடிவாதமாகவே சொல்லுவோம்.

லண்டனில் பெங்குவின் புஸ்தகக் கம்பெனிக்கு 1947-இல் ஷிகோல்ட் என்ற ஜெர்மானிய நிபுணர் வந்தார். மலிவு விலைப் புஸ்தகம்தானே என்று அவர் இளக்காரம் செய்யவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே எவ்வளவு இடம், கால்புள்ளிக்குப் பின் எவ்வளவு இடம் என்று நாலு பக்கத்தில் விதிகள் எழுதி அச்சுக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பினார். இரண்டே வருஷத்தில் திரும்பிப் போய்விட்டார், விதிகள் நிலைத்தன. தமிழுக்கு அப்படி நாலு பக்கம் யாராவது எழுதி, எல்லாக் காரியாலயங்களும் ஒப்புக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இப்பொழுது ஒவ்வொருவரும் தத்தம் ருசிப்படி நடக்கிறார்கள்.

இனி நண்பரின் வீட்டுக் கவலை.

இந்தத் தொழில் எங்கோ பட்டணத்தில் உள்ளது என்று அவர் எண்ணுவது சரியன்று. அவருடைய ஊருக்கு மேற்கே சில மணி நேரப் பிரயாணத்துக்குள் சிவகாசி இருக்கிறது. நாட்டின் காலண்டர்களில் பெரும் பகுதி அங்கேதான் அச்சாகிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஸி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் முருகனும் அந்த அச்சுக்கூடங்களிலிருந்து புறப்பட்டுத்தான் நம் பூஜை அறைகளுக்கு வந்தார்கள். சென்னைச் சித்திரப் பள்ளியில் தேர்ந்த அவர், திருச்சுழியில் பிறந்த ரமண மஹரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கியிருந்து, பின்பு தூரிகையைப் பிடித்தவர். மழை பொய்த்தாலும் மையும் காகிதமும் பொய்க்காத சீமை இது.

படிப்புக்கு இடம் உண்டு. சென்னையில் 1850-இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய சித்திரப் பள்ளி இன்று கவின்கலைக் கல்லூரியாக நடக்கிறது. கோபுலு படித்த கும்பகோணத்திலும் கல்லூரி இருக்கிறது. ஆமதாபாத்தில் 1961 முதல் தேசிய வடிவமைப்பு ஸ்தாபனம் இருந்துவருகிறது. இவற்றில் ஒன்றிலும் சேராமல், டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகியே மேலே வந்தவர்களும் அநேகர். கல்யாணப் பத்திரிகையை இலேசாக எண்ணவேண்டாம். இரு வீட்டாரின் பாட்டனார், மாமன், சிற்றப்பன் என்று இருபது பெயர்களை, ஒருவருக்கும் மனஸ்தாபம் வராதபடி ஒரே காகிதத்தில் அமர்த்தத் தெரிந்தவர் எந்தப் பத்திரிகையையும் அமைத்துவிடுவார்.

கஷ்டங்களையும் மறைப்பது தர்மமன்று. இதழ் முடியும் நாளில் இராத்திரி வீடு திரும்ப நேரமாகும். கட்டுரையாளர் தாமதித்தாலும் விளம்பரக்காரர் தாமதித்தாலும், கடைசியில் தூக்கம் கெடுகிறவர் இவர்தான். கண்ணும் முதுகும் வலிக்கும். மிகவும் அழகாய் அமைத்த பக்கத்தின் பாதியை விளம்பரம் ஒன்று கடைசி நிமிஷத்தில் விழுங்கிவிடும். அச்சு இதழ்களின் எண்ணிக்கை குறைந்துவருவதும் உண்மை. நன்றாக அமைந்தால் 'கட்டுரை அருமை' என்று எழுத்தாளருக்குக் கடிதம் வரும். கெட்டால்தான் பக்கம் அமைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதே வாசகருக்குத் தெரியவரும். பெயர் வேண்டும் என்கிறவர் இதற்கு வரலாகாது. முன்பு போர்மனின் பெயர் எங்குமே அச்சானதில்லை. இப்பொழுது இதழின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் 'வடிவமைப்பு' என்று போடுகிறார்கள். நேயர்களில் எத்தனை பேர் அந்த மூலையைப் பார்த்திருக்கிறீர்கள்? நாமும் நெடுநாள் பார்க்காதவர்தாம்.

நூல் வியாபாரியாகையால் நண்பருக்கு விளங்கும்படி ஒன்று எழுதினோம். சேலைக்கு உடல் ஒன்று போதாதா, கரையும் முந்தியும் எதற்கு? கரையில்லாத துணியும் மானத்தை மறைக்கத்தான் செய்யும். ஆனால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் வெளியே தெரியவேண்டும் என்பதைக் கரையும் முந்தியுந்தானே சொல்லுகின்றன? கரை போடத் தெரிந்தவன் பாவிலேயே அதைக் கணக்கிட்டு வைக்கிறான்; நெய்தபின் ஒட்டவைப்பதில்லை.

ஆனால் கரை அழகாக வரவேண்டும் என்பதற்காக உடலைக் குறைத்தால்? இங்கே மறுபடியும் பாண்டித்துரைத் தேவரிடம் வரவேண்டியிருக்கிறது. மதுரையில் ஸ்காட் என்றொரு ஆங்கிலேயர் இருந்தாராம். தமிழில் அபிமானமுள்ளவர். குறளில் சில இடங்களில் எதுகையும் மோனையும் சரியாக அமையவில்லை என்று அவருக்குத் தோன்றிற்று. திருவள்ளுவருக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, ஓசை பொருந்தும்படி சொற்களை மாற்றி அச்சிட்டு, சந்தோஷமாகத் தேவரிடம் ஒரு பிரதியைக் காட்டினாராம். தேவர் முகம் வாடாமல், எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று விசாரித்து, அத்தனையையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டாராம். ஸ்காட்டுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. புஸ்தகங்கள் எல்லாம் தீக்கு இரையாயின. வழிவழியாகத் தமிழுலகம் சொல்லிவரும் கதை இது. புஸ்தகத்தைக் கொளுத்துவது நமக்கு எக்காலத்தும் உடன்பாடன்று. ஆனால் அந்தப் பாலவனத்தத்தாரின் கோபம் எதன்மேல் என்பது நமக்கு நன்றாக விளங்குகிறது. ஸ்காட் கெட்ட எண்ணத்தால் ஒன்றும் செய்யவில்லை. பார்வைக்கும் காதுக்கும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்றுதான் செய்தார்.

பக்கம் அமைக்கிறவருக்கு இந்த ஆசை தினந்தோறும் வரும். வரி ஒன்று மிஞ்சுகிறது. ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பக்கம் லட்சணமாகிவிடும். 'ஏறத்தாழ' என்ற சொல்லை எடுத்தால் என்ன முழுகிவிடும்? 'என்று சொல்லப்படுகிறது' என்பதை வெட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? எழுதினவர் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம், மறுநாள் சத்தியப் பிரமாணமாக வீடு வீடாகப் போய்ச் சேரும். முன்பு ஈய எழுத்தைப் பிடுங்குவதற்காவது நேரம் பிடித்தது. இப்பொழுது ஒரு விரல் போதும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினோம். குடும்பத்தில் என்ன விவாதம் நடந்ததோ தெரியாது. ஆறு மாதம் கழித்து நண்பர் இரண்டே வரி எழுதினார்: பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள், அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள்.

சென்ற வருஷம் ஒரு பத்திரிகைக்கு நாம் கட்டுரை ஒன்று கொடுத்திருந்தோம். இரவு ஒன்பது மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. பெண் குரல், அருப்புக்கோட்டைச் சீமைப் பேச்சு.

"ஐயா, உங்க கட்டுரையில ரெண்டு வரி மிஞ்சுது. நீங்களே பாத்து எடுத்துத் தர்றீங்களா, இல்ல நான் படத்தைச் சின்னதாக்கிக்கிடட்டுமா?"

யார் பேசுகிறது என்று கேட்டோம். தகப்பனார் பெயரைச் சொன்னாள். கட்டுரையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தோம். நாம் எழுதியதில் எதையும் வெட்ட நமக்கு மனம் வருமா? படத்தைச் சுருக்கிக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டோம்.

இதழ் வந்தது. படம் சுருங்கவில்லை. நம் வரிகளும் அப்படியே இருந்தன. தலைப்புக்கு மேலிருந்த வெள்ளையில் மாத்திரம் இரண்டு வரி குறைந்திருந்தது.